கையெழுத்துக்கு முன் ஒரு காலைப்பொழுது

பேராதனைப் பாலத்தைக் கடந்து கன்னொறுவப் பக்கம் போனால் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி வயல்கள். பாலத்துக்கு இப்பால் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம். ஹந்தானை மலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிராந்திய நிலையம். எந்த மண்ணில் எந்தப் பயிர் எவ்வளவு நைதரசன் கேட்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அளந்து வைத்திருப்பவர்கள் இந்தச் சில மைல்களுக்குள் இருக்கிறார்கள். 2021 மே 6 ஆம் திகதி இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வெளியான அன்றும் அவர்கள் இங்கேதான் இருந்தார்கள்.

சேதனப் பசளைக்கு மாறுவதற்கு அன்றைய ஜனாதிபதியின் தேர்தல் விஞ்ஞாபனமே 10 ஆண்டு அவகாசம் கேட்டிருந்தது. பத்தாண்டு வேலையை ஒரு வர்த்தமானி முடித்துவைத்தது. அப்போதைய விவசாய அமைச்சர் இந்தக் கண்டி மாவட்டத்திலிருந்தே பாராளுமன்றம் போனவர் என்பது தனிக் கதை. விளைச்சல் விழும் என்று பேராதனைப் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள். ஒக்டோபரில் தேயிலைக்கு விலக்குக் கொடுத்தார்கள். நவம்பரில் தடையையே கைவிட்டார்கள். ஏழு மாதம்கூட ஆகவில்லை.

தேயிலைச் செடி வர்த்தமானி வாசிப்பதில்லை. 2021 இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, தடை நீங்கிய பிறகு வந்த 2022 இல் சுமார் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயங்களில் இதற்கு வேறு கணக்கு. கொழுந்து குறைந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழாது; அரைப் பேர்தான்.

இந்தப் பழைய கதையைக் கிளறக் காரணம் உண்டு. மூத்தவர்களுக்கு மறதி வந்தால் நம் வீடுகளில் முடிவெடுக்கும் விதமும் ஏறக்குறைய இதுதான். தெரிந்தவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். பேராதனைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது, கண்டி தேசிய வைத்தியசாலை இருக்கிறது. நாமோ முடிவை எடுத்துவிட்டு, அது குழம்பிய பிறகு அங்கே போகிறோம்.

"அம்மாவுக்கு அறளை பேந்துட்டுது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும். வங்கிப் புத்தகம் யார் கையில், அடுப்படிக்குள் விடலாமா, எந்தப் பிள்ளை வீட்டில் வைப்பது, வீட்டு உறுதியை யார் பெயருக்கு மாற்றுவது என்ற எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தீர்மானமாகிவிடும். பெரும்பாலும் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மகன் இரண்டு வார லீவில் வந்திருப்பார். லீவு முடிவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். தீர்மானத்தின் வேகத்தை நிர்ணயிப்பது நோயல்ல, விமான டிக்கெட்.

இது சிலரின் வீட்டுப் பிரச்சினை மட்டும் என்று விட்டுவிட முடியாது. 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் இருந்தவர்கள் 7.9 சதவீதம், 2024 இல் 12.6 சதவீதம். ராகமையில் நடத்தி 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த வயதினரில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. அன்றைய விகிதம் இன்றும் அப்படியே இருக்கிறது என்று வைத்தாலும், ஆட்களின் எண்ணிக்கை வளர்ந்தபடியேதான் இருக்கும்.

சரி, பரிசோதித்துப் பார்ப்போம் என்று ஒரு குடும்பம் கிளம்பினாலும், எதைக்கொண்டு பரிசோதிப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. உலகெங்கும் அதிகம் புழங்கும் வினாத்தாள் எம்.எம்.எஸ்.இ. 1975 இல் அமெரிக்காவில் போல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் வெளியிட்டது. மொத்தம் 30 புள்ளி. 24க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது பொதுவான வழக்கம்.

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து 74 வயது அம்மாயி ஒருவரைக் கூட்டிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். சிறுவயதில் தலையில் மாட்டிய கொழுந்துக் கூடையை அறுபது வயதில்தான் இறக்கினார். இன்றைக்கு என்ன திகதி என்று டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார். பேத்தி தமிழில் சொல்கிறாள். "அமாவாச கழிஞ்சு மூணா நாளுங்க" என்கிறார் அம்மாயி. சரியான விடைதான். ஆனால் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. அதைக்கூடப் பெரிய மனது வைத்துச் சரி போட்டுவிட்டதாகக் கொள்வோம். அடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறார்கள். 5 புள்ளி போயிற்று. அட்டையில் இருப்பதை வாசித்து அதன்படி செய்யச் சொல்கிறார்கள்; 1. ஒரு வசனம் எழுதச் சொல்கிறார்கள், 1. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பென்சில் பிடிக்கிறவருக்கு அதுவும் 1. ஞாபகத்தில் ஓர் ஓட்டையும் இல்லாமலே 8 புள்ளி போய் 22 இல் நிற்கிறார். சந்தேகக் கோட்டுக்குக் கீழே.

இதே அம்மாயியிடம் லயத்துச் சீட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இந்த மாதம் யாருக்கு விழுந்தது, யார் இன்னும் கட்டவில்லை, போன மாதம் கட்டாததற்கு அவள் சொன்ன சாக்கு என்ன என்று வரிசையாகச் சொல்வார். சீட்டு விவகாரத்தை இங்கே இழுப்பதற்குக் காரணம், அது நேற்றைய நினைவு. பலர் இதில் ஏமாறுகிறார்கள். "அந்தக் காலத்துத் துரை பெயரெல்லாம் சொல்றாரே, இவருக்கு என்ன மறதி" என்பார்கள். மறதிநோயில் முதலில் தேய்வது நேற்றும் இன்று காலையும்தான். ஐம்பது வருடத்துக் கதை வெகுநாள் அசையாமல் கிடக்கும்.

மறுபக்கமும் உண்டு. கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இந்தத் தாளில் 28 வாங்கிவிட்டு, வெளியே வந்து எந்தப் பக்கம் பஸ் எடுப்பது என்று தெரியாமல் நிற்கலாம். படிப்பு கொடுத்த பழக்கம் புள்ளியைத் தாங்கிப் பிடிக்கும். பேத்தியின் மொழிபெயர்ப்பிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அம்மாயி வெட்கப்படக் கூடாதே என்று பாதி விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பாள். பாசம் நல்லதுதான், பரிசோதனைக்கு ஆகாது.

இதெல்லாம் தீராத சிக்கலும் அல்ல. இந்தியாவில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990களில் ஆய்வு செய்தவர்கள், எழுத்தறிவு இல்லாதவர்களுக்கேற்பக் கேள்விகளை ஹிந்தியில் மாற்றி அமைத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்களும் பங்கெடுத்த 10/66 ஆய்வுக் குழு, நோயாளியிடம் கேட்பதோடு நிற்காமல், கூட இருப்பவரிடமும் தனியே கேட்கும் முறையைக் கையாண்டது. மறதிநோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வறிய, நடுத்தர நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவே அங்கே நடக்கிறது என்ற கணக்குத்தான் அந்தக் குழுவின் பெயர். தமிழில் வேலை நடந்திருக்கிறது. அதை மலையகப் பேச்சுக்குத் திருத்தி எடுத்தால் போதும்.

மறதிநோய் என்று முத்திரை குத்துமுன் பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. காது கேட்காதவர் கேள்வியே கேட்காமல் தப்பான பதில் சொல்வார். சிலருக்கு அது காதில் இறுகிய குறும்பி மட்டும். நீரிழிவுக்குப் பல வருடமாக மெட்போமின் குடிப்பவர்களுக்கு பி12 விட்டமின் குறையலாம். குறைந்தால் நினைவும் தடுமாறும். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் அப்படித்தான். புருஷன் செத்த ஆறாம் மாதம் பேச்சு நின்றுபோன பெண்ணுக்கு இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். மழையில் படியில் வழுக்கி விழுந்து, அடி பெரிதில்லை என்று விட்டுவிட்ட கிழவருக்கு மண்டையோட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கட்டி, மூன்று வாரம் கழித்துத் தடுமாற்றம் தொடங்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு.

மாத்திரைப் பையை ஒருமுறை மேசையில் கொட்டிப் பாருங்கள். தடிமனுக்கு வாங்கிய பிரிட்டோன், நித்திரைக்கும் கால் எரிவுக்குமாக எழுதிய அமிற்றிப்ரிலின், இன்னொரு கிளினிக்கில் கொடுத்த இன்னொன்று. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சாதாரண மருந்து. சேர்ந்து ஒரு கிழ உடம்புக்குள் போனால் மூளையை மந்தமாக்கிவிடும். நேற்றுவரை சரியாக இருந்தவர் இரண்டே நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால் அது பெரும்பாலும் மறதிநோய் அல்ல; சிறுநீரில் கிருமித் தொற்றோ நெஞ்சுச் சளியோ காரணமாக இருக்கலாம். வார்ட்டில் அப்படிப் பிதற்றிய இரண்டு மூன்று இராத்திரியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வருமுன்னே முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. இதைக் கண்டு எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆனால் அவர்களிடம் அந்தக் குழப்பம் தணியக்கூடியது என்று யார் சொன்னார்கள்?

அவசரம் ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். நமக்குப் பசளைத் தடை வந்த அடுத்த மாதமே, 2021 ஜூனில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அல்சைமர் நோய்க்கு அடுகானுமாப் என்ற மருந்தை அனுமதித்தது. அதே நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, பலன் நிரூபணமாகவில்லை என்று முந்திய நவம்பரிலேயே சொல்லியிருந்தது. குழுவில் மூவர் விலகினார்கள். வருடத்துக்கு 56,000 டொலர் விலை வைத்த கம்பெனி, 2024 இல் மருந்தையே கைவிடுவதாக அறிவித்தது. ஆலோசகர்களை அழைத்து உட்காரவைத்துவிட்டு அவர்கள் சொன்னதைத் தள்ளிவிடுவது, அழைக்காமல் விடுவதைவிட எந்த வகையில் மேல் என்று தெரியவில்லை.

என் வாதம் எல்லாவற்றையும் ஆறப்போட வேண்டும் என்பதல்ல. காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறக்கிறவர் வீட்டில் ரெகுலேற்றரை இன்றைக்கே கழற்றத்தான் வேண்டும். முச்சக்கரவண்டி ஓட்டுகிற அப்பா தெரிந்த சந்தியில் திசைமாறினால் சாவியை உடனே வாங்கி வைக்கத்தான் வேண்டும். பிழை என்று தெரிந்தால் நாளை ரெகுலேற்றரை மாட்டலாம், சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம். திரும்ப எடுக்க முடிகிற முடிவை வேகமாக எடுக்கலாம். திரும்ப எடுக்க முடியாததற்குத்தான் பரிசோதனை, அவகாசம், இரண்டாம் அபிப்பிராயம் எல்லாம். பசளைத் தடையை நீக்க இன்னொரு வர்த்தமானி போதுமாக இருந்தது, தவறிய பருவத்தை எந்த வர்த்தமானியாலும் திருப்ப முடியவில்லை.

வீட்டில் அப்படித் திரும்ப எடுக்க முடியாத முடிவு எது என்றால், முதலாவது நன்கொடை உறுதி. இதில் கண்டிக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. கண்டிய சிங்களவருக்கு உரிய கண்டியச் சட்டத்தின்படி, நன்கொடை கொடுத்தவர் பொதுவாக அதை ரத்துச் செய்யலாம். 1938 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சில விதிவிலக்குகளோடு அதை உறுதிப்படுத்துகிறது. அடுத்த வீட்டுத் தமிழருக்குப் பொதுச் சட்டம். ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். மீட்க வேண்டுமென்றால் வாங்கியவரின் கடும் நன்றிகேட்டை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்கிறது 2017 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம். நினைவு தடுமாறிய ஒருவர் பேராதனை வீதியில் ஒரு வீட்டில் கையெழுத்துப் போட்டால் ஒரு விளைவு, மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டால் வேறு விளைவு. ஆகவே நம்மவர்களுக்குக் கையெழுத்துக்கு முந்திய கவனம் இரட்டிப்பாக வேண்டும். குறைந்தது சீவிய உரித்தையாவது பெற்றோருக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். சொல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். நொத்தாரிசு ஆளை அடையாளம் காண்கிறார். ஆளின் தெளிவை அளக்கும் பயிற்சி அவருக்கு இல்லை. இங்கிலாந்தின் 2005 ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இந்த இடத்தில் உதவும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. இல்லையென்று காட்டப்படும்வரை எவருக்கும் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். அந்தத் திறனும் அந்தந்தத் தீர்மானத்துக்கு, அந்தந்த நேரத்துக்குத் தனித்தனியே பார்க்கப்பட வேண்டும். இன்றைக்கு என்ன சோறு வேண்டும், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறவருக்கு, மூன்று பிள்ளைகளுக்குக் காணி பிரிக்கும் கணக்கு பிடிபடாமல் இருக்கலாம். காலையில் பிடிபட்டது பொழுதுபட்டால் நழுவலாம். மறதிநோய் உள்ளவர்களில் பலருக்கு அந்திவேளையில்தான் குழப்பம் கூடும். உறுதி எழுத நொத்தாரிசை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அழைத்துவரும் பிள்ளைகள் இதை அறியாமல் செய்கிறார்களா, அறிந்தே செய்கிறார்களா? இரண்டும் நடக்கிறது.

இலங்கையின் மனநோய்ச் சட்டம் 1873 ஆம் ஆண்டில் வேர்கொண்டது. அதில் இந்த நுணுக்கமெல்லாம் தேடக் கூடாது. 2000 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெற வழி செய்தது. பெற்றோர் எதையும் எழுதிக் கொடுக்குமுன் அவர்களுக்கு என்ன விளங்குகிறது என்று பார்ப்பது அதன் வேலையல்ல.

வேலைத்தலத்துக்கு வருவோம். மறதிநோய் 65க்குப் பிறகுதான் வரும் என்று விதி கிடையாது. கண்டி நகரின் கொழும்பு வீதியில் ஒரு புடைவைக் கடை. முப்பது வருடமாகக் கணக்கெழுதிய 57 வயதுக்காரர் மீதிக் காசைப் பிழையாகக் கொடுக்கத் தொடங்குகிறார் என்று வையுங்கள். முதலாளி என்ன செய்வார்? 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதற்கு 1971 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ கேட்கிறது. இதனாலேயே ஒரு நோய் சட்டென்று ஒழுக்கக் குறைவாகிவிடும். "கவனக்குறைவு" என்று இரண்டு கடிதம், மூன்றாவதில் வெளியே. அல்லது, "நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்க, மரியாதையாப் போயிடலாம்." தைரொயிட்டுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் போதும் என்று பிறகு தெரியவந்தால், அந்த மரியாதைக் கடிதத்தைக் கிழிக்க வழியில்லை. சேமலாப நிதியை எடுத்துச் செலவழித்தும் ஆகியிருக்கும்.

அரசாங்கமும் முதலாளிதான். அரச ஊழியர் ஓய்வு வயதை 2022 வரவுசெலவுத் திட்டத்தில் 65க்கு உயர்த்தினார்கள். அதே ஆண்டின் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் 60க்கு இறக்கினார்கள். 60ஐத் தாண்டியவர்கள் 2022 டிசம்பர் 31 அன்று ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள். புத்தாண்டின் முதல் நாட்களிலேயே ஆளில்லாமல் ரயில்கள் ரத்தாயின. விசேட வைத்திய நிபுணர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். ஒருவர் 60 இல் தளர்ந்திருப்பார், இன்னொருவர் 70 இலும் கத்தி மாதிரி இருப்பார். வயதைக் கொண்டு கோடு போடுவது நிர்வாகத்துக்கு வசதி. அந்த வசதியையாவது ஒரே கோட்டில் நிறுத்தியிருக்கலாம்.

பரிசோதனை வேண்டும் என்று எழுதுவது சுலபம். தெல்தோட்டையிலிருந்து அம்மாயியைக் கண்டி கிளினிக்குக்குக் கூட்டிவரும் மகளுக்கு அன்றைய பேர் விழாது. பஸ் ஏறி இறங்கி, வரிசையில் நின்று, இரத்த முடிவுக்கு இன்னொரு நாள் வந்தால் இன்னொரு பேர் போயிற்று. ஆகவே பரிசோதனை மலை ஏற வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவரும் குடும்ப நல உத்தியோகத்தரும் கேட்கக்கூடிய, வாசிக்கவோ வரையவோ தேவைப்படாத ஒரு தமிழ் வினாத்தாளைப் பேராதனை மருத்துவ பீடம் தயாரித்துக் கொடுக்கலாம். பதினைந்து கேள்வி போதும். பாதி ஆளிடம், பாதி கூட இருப்பவரிடம். சந்தேகம் என்று வருகிறவர்கள் மட்டும் கண்டிக்கு வரட்டும். அதுவும் தமிழ் பேசும் தாதி இருக்கும் கிளினிக் நாளில்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். 70 வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கும் வீட்டையே எழுதிக்கொடுப்பதானால், நொத்தாரிசு முன்கூட்டியே வைத்திய அறிக்கை ஒன்று கேட்க வேண்டும். சட்டத்தரணிகள் சிலர் இதற்கு உடனே மறுப்புச் சொல்வார்கள்: சான்றிதழும் விற்பனைக்கு வரும், ஏழைக்கு இன்னொரு செலவு, அவ்வளவுதான். அந்தப் பயம் நியாயமானது. "இவர் நல்ல மனநிலையில் உள்ளார்" என்ற ஒரு வரிக் கடிதத்தைக் காசு கொடுத்து வாங்க இந்த நகரத்தில் அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

அதனால் ஒரு வரி போதாது என்று விதி செய்ய வேண்டும். 1901 இல் பிராங்க்பேர்ட் வைத்தியசாலையில் அலோயிஸ் அல்சைமர் தன் நோயாளியான ஒகுஸ்ட டீற்றரின் எதிரே உட்கார்ந்து, கேட்ட கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் சொன்னபடியே எழுதி வைத்தார். அந்தக் கோப்பு 1990களில் மறுபடி அகப்பட்டபோது, என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார் என்று எவரும் வாசித்துப் பார்க்க முடிந்தது. நாமும் அதையே கேட்கலாம்: எந்தக் காணி, யாருக்கு, ஏன், கொடுத்த பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள், மற்றப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள். பிள்ளைகள் வெளியே நிற்க, காலை வேளையில், அவருடைய மொழியில், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிய இரண்டு பக்கம். ஒரு வரியைப் பொய்யாக எழுத ஒரு நிமிடம் போதும். அப்படியொரு இரண்டு பக்கத்தைக் கட்டி எழுதுவதற்கு, உண்மையாகவே உட்கார்ந்து கேட்பதைவிட அதிக நேரம் பிடிக்கும்.